பாதி வழியில் நிற்கும் போல்ட்

நெய்வேலியில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சுரங்க வாசலையும் அனல்மின் நிலைய வாசலையும் கடந்து போகிறவர்கள் தினமும் பார்க்கும் இயந்திரங்களில் ஒன்று, பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைப் போல அண்ணாந்து பார்க்க வேண்டியது அல்ல. வெறும் எடை நாலரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். காவல் நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரரின் தோளில் தொங்குவது அது. 1968இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி 1969 மார்ச் 10 அன்று தொடங்கப்பட்ட இந்தப் படையின் கையில் நாடெங்கும் பல காலம் இருந்தது 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, பிறகு இன்சாஸ் வந்தது. எஸ்.எல்.ஆர். என்றால் செல்ஃப் லோடிங் ரைஃபிள். ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும். காலிக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும்.

சில சமயம் ஏற்றிக்கொள்ளாது. போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். இந்தக் கோளாறைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: 'கேஸை கூட்டி வை', அதாவது துப்பாக்கியை இயக்கும் வாயுவைக் கூட்டு. இது பாதி நேரம் தவறான வைத்தியம் என்பது என் கட்சி. சுழற்சிக் கோளாறு என்பது பலம் போதாத கோளாறு மட்டுமல்ல. நேரம் தப்பிய கோளாறும்கூட. எது என்று தெரிந்துகொள்ள, எதையும் திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு: போல்ட் எங்கே நின்றிருக்கிறது, தரையில் கிடக்கும் பித்தளைக் கூடு எப்படி இருக்கிறது. (இவை எல்லாம் படைக்கலப் பொறுப்பாளர், அதாவது ஆர்மரர், செய்யும் வேலை. இந்த ரகத் தோட்டா நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டது. நமக்கு இங்கே வேண்டியது இயற்பியல்.)

பள்ளி, கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .22 போல்ட் துப்பாக்கி நினைவிருக்கும். சுட்டதும் கைப்பிடியைத் தூக்கு, பின்னால் இழு, முன்னால் தள்ளு, கீழே அழுத்து. நாலு அசைவு. தோட்டா உட்காரும் அறையான சேம்பரில் கூடு ஒட்டிக்கொண்டால் கைக்கு உடனே தெரியும். இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுப்போம். அடுத்த தோட்டா சரியாக எழும்பவில்லை என்றால் ஒரு நொடி தாமதிப்போம். மனிதக் கை தேவைக்கேற்ப பலத்தையும் வேகத்தையும் மாற்றிக்கொள்கிறது. தானே ஏற்றும் துப்பாக்கியில் இதே நாலு அசைவும் நடக்கின்றன, ஆனால் உணரும் கை கிடையாது. ஒரே ஓர் உதை. அதற்குப் பிறகு எல்லாம் அந்த உதையின் கணக்கிலேயே நடந்து முடிய வேண்டும்.

அந்த உதை எங்கிருந்து வருகிறது? 7.62 நேட்டோ தோட்டாவின் குண்டு ஏறக்குறைய ஒன்பதரை கிராம். குழலை விட்டு வெளியேறும் வேகம் வினாடிக்குச் சுமார் 840 மீட்டர். பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டால் இயக்க ஆற்றல் 3,300 ஜூல் சொச்சம். மருந்து எரிந்து சேம்பருக்குள் எழும் உச்ச அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல மூவாயிரம் மடங்கையும் தாண்டும். அரை மீட்டர்க் குழலைக் குண்டு கடக்க எடுப்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்றே மேல். இவ்வளவு பெரிய ஆற்றலில் துப்பாக்கி தனக்கென்று எடுத்துக்கொள்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று முதலில் செய்து காட்டியவர்களில் ஹைரம் மாக்சிம் பின்னுதைப்பைப் பயன்படுத்தினார். அவருடைய இயந்திரத் துப்பாக்கி 1880களில் வந்தது. அமெரிக்கரான ஜான் பிரௌனிங் வேறு வழி கண்டார். சுடும்போது குழல் முனையிலிருந்து வெளிப்படும் வாயு எதிரே இருந்த புல்லை வளைத்ததைப் பார்த்து, வீணாகும் இந்த வாயுவை ஏன் வேலை வாங்கக் கூடாது என்று அவர் யோசித்ததாகச் சொல்வார்கள். குழலில் ஒரு சிறு துளை, அதன் வழியே வாயு, அது தள்ளும் பிஸ்டன்: இன்றைய பெரும்பாலான ராணுவத் துப்பாக்கிகள் இந்த வழியில் வந்தவையே.

எஸ்.எல்.ஆரின் பூர்வீகம் பெல்ஜியம். ஹெர்ஸ்டல் நகரில் எஃப்.என். நிறுவனத்துக்காக டியோடொன்னே சைவ் வடிவமைத்த எஃப்.ஏ.எல்., பிரிட்டனில் 1954இல் எல்1ஏ1 ஆனது. 1962 சீனப் போரில் பழைய .303 போல்ட் துப்பாக்கியோடு மலையேறிய அனுபவத்துக்குப் பின், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை இதை 1ஏ1 என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. இந்திய வார்ப்பு பெல்ஜிய அசலோடும் முழுதாக ஒத்துப்போகாது, பிரிட்டிஷ் வார்ப்போடும் ஒத்துப்போகாது. உதிரிப் பாகங்களை மாற்றிப் போட முடியாத இடங்கள் உண்டு. ஒரு துப்பாக்கியின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டிவிட்டு 'ஏன் இப்படி மக்கர் பண்ணுகிறது' என்று கேட்பதில் பயனில்லை.

இந்தத் துப்பாக்கியில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குண்டு குழலின் துளையைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு மேலே ஏறி, குழலுக்கு மேல் படுத்திருக்கும் பிஸ்டனைத் தட்டுகிறது. பிஸ்டன் சிறிது தூரம் பின்னால் நகர்ந்து, போல்ட் கேரியர் என்னும் கனமான எஃகுத் துண்டை உதைத்துவிட்டு, தன் ஸ்பிரிங்கால் திரும்பிவிடுகிறது. பிள்ளையை உட்கார வைத்து ஊஞ்சலை ஒருமுறை தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது போலத்தான். மிச்ச தூரம் கேரியர் தன் வேகத்தில் தானே போக வேண்டும். போகும் வழியில் அதற்கு வரிசையாக வேலை காத்திருக்கிறது. முதல் சில மில்லிமீட்டர் அது சும்மாதான் நகரும். போல்ட் இன்னும் பூட்டியே இருக்கும். இந்தச் சும்மா நகர்வுக்குக் காரணம் உண்டு: குண்டு வெளியேறி அழுத்தம் இறங்குவதற்கு அவகாசம். பிறகு கேரியர் போல்ட்டின் பின்புறத்தைத் தூக்கிப் பூட்டை விடுவிக்கிறது. எக்ஸ்ட்ராக்டர் என்ற சிறு கொக்கி காலிக்கூட்டின் விளிம்பைப் பிடித்து இழுக்கிறது. எஜெக்டர் அதை வலப்பக்கம் தட்டிவிடுகிறது. ஹாமர் மடக்கப்படுகிறது. பின்கட்டைக்குள் இருக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் அழுந்துகிறது. அந்த ஸ்பிரிங்கில் சேமித்த ஆற்றல்தான் திரும்பும் பயணத்துக்கான முழுச் சம்பளம்: மேகசினிலிருந்து புதுத் தோட்டாவை உரித்தெடுத்து, சேம்பருக்குள் திணித்து, மறுபடி பூட்ட வேண்டும். போகவர இத்தனையும் வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

வழியில் எங்கே ஆற்றல் தீர்ந்தாலும் அந்த இடத்தில் கோளாறு தெரியும். அதனால்தான் போல்ட் நின்ற இடத்துக்கு இவ்வளவு மதிப்பு.

ட்ரிகரை இழுத்தும் சுடவில்லை, போல்ட் முழுதாக மூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்துக் காத்திருந்து திறந்து பார்த்தால் சேம்பரின் நிலை மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, சுடாத தோட்டா: ஊசி பட்ட தழும்பு ஆழமாக இருந்தால் தோட்டாவின் பிழை, மெலிதாக இருந்தால் ஹாமர் ஸ்பிரிங் அல்லது ஊசி பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது, ஒன்றுமே இல்லாமல் காலி: பெரும்பாலும், முன்பு சுட்டபோது போல்ட் கூட்டை வெளியேற்றும் அளவுக்குப் பின்னால் போயிருக்கிறது, ஆனால் அடுத்த தோட்டாவின் அடிப்பாகத்தைத் தாண்டிப் போகவில்லை, அதன் முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து வெறுமனே மூடியிருக்கிறது. குறைவீச்சுக்கு, அதாவது போல்ட் முழுத் தூரம் பின்னால் போகாததற்கு, இது வழக்கமான அடையாளம். மூன்றாவது, சுட்ட கூடே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இங்கே பலரும் ஏமாறுவார்கள். எஸ்.எல்.ஆரின் கேஸ் அடைப்பானை, அதாவது பிஸ்டனுக்கு முன்னால் இருக்கும் குமிழை, ரைஃபிள் கிரெனேடு எறிவதற்காக 180 பாகை திருப்பி வைக்கும் ஏற்பாடு உண்டு. அப்படி வைத்தால் பிஸ்டனுக்கு வாயுவே போகாது. சுத்தம் செய்து பூட்டும்போது குமிழ் தலைகீழாக மாட்டப்பட்டால், துப்பாக்கி ஒருமுறை சுட்டுவிட்டு எதுவும் நடக்காதது போல் அமைதியாக இருக்கும். இரண்டு விநாடியில் சரிசெய்துவிடலாம். ஆனால் அதைப் பார்க்காமல் ஸ்பிரிங்கை மாற்றி, எக்ஸ்ட்ராக்டரை மாற்றி ஒரு பகலைத் தொலைக்கவும் முடியும்.

போல்ட் பாதியில் நின்று, வெளியேறும் வாயிலில் காலிக்கூடு குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தால் பின்பயணத்தில் வேகம் போதவில்லை, அல்லது எஜெக்டர் தேய்ந்திருக்கிறது, அல்லது கொக்கி கூட்டைச் சீக்கிரமே நழுவவிட்டது. புதுத் தோட்டாவின் மூக்கு எங்கேயாவது முட்டிக்கொண்டிருந்தால் மேகசின் மேல்தான் என் முதல் சந்தேகம். மூட இன்னும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் பாக்கி என்ற நிலையில் நின்றால் சேம்பரில் அழுக்கு, நசுங்கிய தோட்டா, களைத்த ரிட்டர்ன் ஸ்பிரிங் ஆகியவற்றில் ஒன்று. இந்தக் கடைசி நிலையில் கைப்பிடியை ஓங்கித் தட்டி மூடப் பார்ப்பது பலருக்கும் இயல்பாக வரும். நசுங்கிய தோட்டாவை அப்படித் திணித்தால் பிறகு அதை வெளியே எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

இனி பித்தளைக் கூடு. ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அது ஒரு நாட்குறிப்பு. ஏறக்குறைய எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம் அது. இந்த விகிதம் சும்மா வந்ததில்லை. அழுத்தம் ஏறும்போது கூட்டின் சுவர் விரிந்து சேம்பரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். அழுத்தம் இறங்கியதும் மயிரிழை சுருங்கிப் பிடியை விட வேண்டும். இரண்டும் ஒரே உலோகத்தில் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். கழுத்தைத் தாண்டி உடலெங்கும் கரி படிந்திருந்தால் அடைப்பு சரியாக விழவில்லை; அழுத்தம் குறைந்த தோட்டாவாக இருக்கலாம். உடலில் நீளவாக்கில் கீறல் இருந்தால் சேம்பரில் மணலோ துருக்குழியோ இருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வளைந்து அல்லது பிய்ந்து போயிருந்தால், கூடு இன்னும் சுவரைப் பிடித்திருக்கும்போதே கொக்கி இழுக்க ஆரம்பித்துவிட்டது. வாயுவைக் கூட்டினால் தீராது என்று நான் சொன்னது இந்த இடத்தில்தான். கேரியர் தேவைக்கு மேல் வேகமாகப் போனால் பூட்டு சீக்கிரம் திறக்கும். கூட்டுக்குச் சுருங்க அவகாசம் கிடைக்காது. கொக்கி விளிம்பைப் பிய்க்கும். கூடு உள்ளேயே தங்கிவிடும். பார்ப்பவருக்கு 'கூடு வெளியே வரவில்லை, பலம் போதவில்லை' என்றுதான் தோன்றும். வாயுவை இன்னும் கூட்டுவார். நோய் முற்றும்.

வேகம் கூடினால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மேகசினில் இருக்கும் தோட்டாக்கள் போல்ட் பின்னால் போயிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் அடுத்த தோட்டா எடுக்கப்படும் உயரத்துக்கு மேலே ஏற வேண்டும். போல்ட் அதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டால் அடுத்த தோட்டா எழும்பியிருக்காது. போல்ட் வெறுமனே மூடிக்கொள்ளும். சேம்பர் காலி. முன்பு சொன்ன குறைவீச்சின் அதே அடையாளம், காரணம் நேர் எதிர்! பிரித்தறிய ஒரு வழி, கூடுகள் விழுந்த தூரத்தைப் பார்ப்பது. காலடியிலேயே சோம்பலாக விழுந்தால் வேகம் குறைவு. எட்டிப் போய் விழுந்து, வயிற்றில் நசுங்கலும் இருந்தால் வேகம் அதிகம்.

எஸ்.எல்.ஆரின் ரெகுலேட்டர், அதாவது வாயுவின் அளவை மாற்றும் வளையம், புத்திசாலித்தனமான ஏற்பாடு. பிஸ்டனுக்கு எவ்வளவு வாயுவை விடுவது என்று அது தீர்மானிப்பதில்லை. எவ்வளவை வெளியே கொட்டுவது என்று தீர்மானிக்கிறது. வளையத்தைத் திறந்தால் வெளியே போவது அதிகம், பிஸ்டனுக்கு மிஞ்சுவது குறைவு. மூடினால் நேர்மாறு. சரியான அளவைக் கண்டுபிடிக்க, சுத்தமான, எண்ணெயிட்ட துப்பாக்கியில் வளையத்தை நன்றாகத் திறந்து வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள், துப்பாக்கி தடுமாறும். ஒவ்வொரு படியாக மூடிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் ஒழுங்காக ஓட ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஒன்றிரண்டு படி மூடி வைப்பார்கள், கைவசம் மிச்சமாக. களத்தில் தடுமாறினால் செலவழிக்க வேண்டியது இந்த மிச்சத்தை; ஆனால் செலவழித்த பிறகு அது எங்கே போயிற்று என்று தேடாமல் விட்டால், அடுத்த முறை கையில் ஒன்றும் இருக்காது.

நெய்வேலியில் அந்த மிச்சம் எங்கே போகும்? ஊர்ப் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் கரும்பழுப்புத் தூள்தான் ஞாபகம் வரும். என் கணிப்பில் உண்மையான வில்லன் அது இல்லை. பழுப்பு நிலக்கரி மென்மையான பொருள்; வெட்டியெடுக்கும்போது எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். காய்ந்த அதன் தூள் எண்ணெயோடு குழைந்து பிசினாகும், இயக்கத்தைச் சோம்பலாக்கும், அவ்வளவே. துணியால் துடைத்தால் போய்விடும். உண்மையான வில்லன் நிலக்கரிக்கு மேலே மூடிக் கிடக்கும் கடலூர் மணற்பாறை. இடத்தைப் பொறுத்து 50 மீட்டர், 100 மீட்டர் என்று கனத்துக் கிடக்கும் இந்த மேல்மண்ணை அகற்றினால்தான் நிலக்கரியைத் தொட முடியும். சுரங்கத்தின் ஆரம்ப நாட்களில் ஜெர்மானிய பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்களின் எஃகுப் பற்களை இந்தப் பாறை தேய்த்துத் தள்ளியது. பற்களை மாற்றி வடிவமைத்து, பாறையை வெடிவைத்துத் தளர்த்திய பிறகே வேலை ஓடியது. காரணம் குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. சாதாரண எஃகைக் கீறும். எக்ஸ்கவேட்டர் பல்லையே தின்ற மணலின் நுண்துகள் போல்ட்டும் சட்டமும் உரசும் தடத்தில் உட்கார்ந்தால் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு உரசலிலும் கேரியரின் வேகத்தில் கொஞ்சம் போகும். பிரிட்டன் இந்தப் பாடத்தைப் பாலைவனத்தில் படித்து, எல்1ஏ1இன் கேரியரின் பக்கங்களில் மணல் ஒதுங்குவதற்கென்று பள்ளங்கள் வெட்டியது. இஸ்ரேலுக்கு எஃப்.ஏ.எல். மணலில் தந்த தொல்லை, அவர்கள் பிறகு கலில் துப்பாக்கிக்கு மாறியதற்கான காரணங்களில் ஒன்று.

இங்கே எண்ணெய் இரு முனைக் கத்தி. குறைந்தால் உராய்வு, கூடினால் மணலை அழைத்து உட்கார வைக்கும். வறண்ட தூசி நாட்களில் மெல்லிய பூச்சு, வடகிழக்குப் பருவமழையில் சற்றே கூடுதல் என்று பருவம் பார்த்துப் பூசுகிறவர்தான் நல்ல ஆர்மரர். கடலூர்க் கடற்கரை ஒரு மணி நேரத் தூரம். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்று சேம்பரில் கண்ணுக்குத் தெரியாத துருக்குழிகளைத் தோண்டும். அந்தக் குழிகளுக்குள் பித்தளை அழுந்தி விரிந்தால் எந்தக் கொக்கியாலும் சுலபமாக இழுக்க முடியாது. புல்-த்ரூ கயிற்றில் துணியைக் கோத்துக் குழலை மட்டும் இழுத்துவிட்டு, குழலைவிடச் சற்று அகலமான சேம்பரை மறந்துவிடுவது பரவலாக உள்ள வழக்கம். கேட்டால் குழல் பளபளக்கிறது என்பார்கள்.

வெப்பநிலையும் கணக்கில் சேரும். உந்துமருந்து வெயிலில் சற்று வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் எரியும். நீலகிரியின் அரவங்காட்டில் 1900களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் கார்டைட் தொழிற்சாலை நமக்குப் பக்கத்தில் இருக்கும் உதாரணம். இப்படிப்பட்ட மருந்துகளின் சமையல் கூடம் அது. ஆண்டு, கிடங்கு, சூடு எல்லாம் மருந்தின் குணத்தைத் தொடும். குளிரின் விளையாட்டை 1999 கார்கிலில் இன்சாஸ் சந்தித்தது. புனே ஆயுத ஆய்வு நிலையம் வடிவமைத்து, இஷாப்பூரும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் செய்த 5.56 மி.மீ. துப்பாக்கி அது, எஸ்.எல்.ஆரைப் போலவே கையால் திருப்பும் கேஸ் ரெகுலேட்டர் அதிலும் உண்டு. மலையுச்சிக் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன, துப்பாக்கி அடைத்துக்கொண்டது என்று செய்திகள் வந்தன. துப்பாக்கியைத் திட்டுவது சுலபம். ஆனால் குளிர் ஒரே சமயத்தில் மூன்று இடத்தில் கை வைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்: மருந்தின் வேகம் குறைகிறது, எண்ணெய் கெட்டிப்படுகிறது, பிளாஸ்டிக் நொறுங்கத் தயாராகிறது. தனித்தனியாகச் சோதித்தால் மூன்றுமே தேறியிருக்கலாம்.

மருந்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் எம்16 பாடப்புத்தக உதாரணம். வியட்நாமுக்கு அனுப்பும் முன் தோட்டாவின் மருந்தை வேறு வகைக்கு மாற்றினார்கள். குண்டு வாயுத் துளையைத் தாண்டும்போது இருக்கும் அழுத்தம் உயர்ந்து சுழற்சி வேகம் கூடியது. கரியும் அதிகம் படிந்தது. போதாக்குறைக்கு சேம்பரில் குரோமியப் பூச்சு கிடையாது, சுத்தம் செய்யும் சாதனங்களும் போதிய அளவில் கொடுக்கப்படவில்லை. ஈரக்காட்டில் சேம்பர் துருப்பிடித்தது. கூடுகள் உள்ளே சிக்கின. 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்தபோது துப்பாக்கியைவிட நிர்வாகம்தான் அதிகம் மாட்டிக்கொண்டது. வேகம் கூடியதால் வந்த கோளாறு, பார்வைக்கு பலமின்மை போலத் தெரிந்தது என்பது கவனிக்க வேண்டியது.

மேகசினுக்கு வருவோம். ஒரு தோட்டா ஏறத்தாழ 24 கிராம். இருபது நிரம்பினால் அரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. முழு மேகசினில் அடுக்கு மேலே அழுத்திக் கேரியரின் வயிற்றை உரசும், அதன் வேகத்தைக் கொஞ்சம் தின்னும். கடைசி இரண்டு மூன்று தோட்டாக்களின்போது ஸ்பிரிங் நீண்டு தளர்ந்திருக்கும், தூக்கும் பலம் குறையும். ஆகவே தகராறு எப்போதும் முதல் தோட்டாக்களில் வருகிறதா, கடைசியில் வருகிறதா என்று கேட்பது பயனுள்ள கேள்வி. மேலே இரண்டு உதடுகள் போல் வளைந்திருக்கும் தகடுகள் தோட்டாவை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. சிமெண்டுத் தரையில் ஒருமுறை தலைகுப்புற விழுந்தால் போதும், கோணம் மாறிவிடும். மேகசின்களுக்கு எண் எழுதி வைப்பது இதற்காகத்தான். கோளாறு துப்பாக்கியோடு போகிறதா, மேகசினோடு போகிறதா என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால் பாதி விசாரணை முடிந்தது.

நிரப்பியே வைத்திருந்தால் மேகசின் ஸ்பிரிங் செத்துவிடும் என்று காவல்துறையிலும் ராணுவத்திலும் பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு. நல்ல எஃகு ஸ்பிரிங்கை அதன் மீள்தன்மை எல்லைக்குள் அழுத்தி வைத்தால் சும்மா இருப்பதால் பெரிதாகத் தேயாது. திரும்பத் திரும்ப அழுத்தி விடுவதுதான் அதைக் களைக்க வைக்கும். தினமும் ஏற்றி இறக்குவதால் உண்மையில் கெடுவது தோட்டா. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கை மாறி, வியர்வை பட்டு, விளிம்பில் பிசிறு ஏறி, கூட்டில் சிறு நசுங்கல் விழுந்து, அதே தோட்டா மாதக்கணக்கில் ஓடும். தொழிற்சாலைக் காவலில் இருக்கும் துப்பாக்கி ஆண்டில் சில நாள் ஃபயரிங் ரேஞ்சில் சுடும். மிச்ச நாளெல்லாம் தோளில் தொங்கும். போர்முனைத் துப்பாக்கிக்குச் சூடும் கரியும் பகை என்றால், இதற்குச் சும்மா இருப்பதே பகை: காய்ந்த எண்ணெய், படிந்த தூசி, பழைய தோட்டா.

இரண்டு இடத்தில் மட்டும் ஆராய்ச்சியை நிறுத்திவிட வேண்டும். கிளிக் என்ற சத்தம் கேட்டுச் சுடவில்லை என்றால், மருந்து தாமதமாகப் பற்றக்கூடும். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி அரை நிமிடமாவது காத்திருந்துதான் திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று, உதைப்பும் மெலிதாக இருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். போல்ட்டும் முழுதாகப் பின்னால் போயிருக்காது. பார்வைக்கு இது சாதாரணக் குறைவீச்சு. பழக்கதோஷத்தில் கைப்பிடியை இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். குழலின் உள்ளே பார்க்காமல் அடுத்த தோட்டாவை ஏற்றக் கூடாது என்பதில் விதிவிலக்கு இல்லை.

இனி வரும் துப்பாக்கிகளில் ரெகுலேட்டர் விவகாரமே குறையும். உத்தரப்பிரதேசம் அமேதி அருகே கோர்வாவில் செய்யப்படும் ஏகே-203, திருச்சி ஆலையின் 7.62×39 மி.மீ. 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஆகியவை கலாஷ்னிகோவ் வழிவந்தவை. கலாஷ்னிகோவ் பரம்பரையில் திருப்ப வளையம் கிடையாது. எப்போதும் தேவைக்கு மேல் வாயுவை எடுத்துக்கொண்டு, கனமான கேரியரை அகலமான இடைவெளிகளுக்குள் ஓங்கி ஓட விடுகிறார்கள். மணல் புகுந்தாலும் இடம் இருக்கிறது, மிச்ச பலமும் இருக்கிறது. இதற்குக் கொடுக்கும் விலை, கூடுதல் குலுக்கலும் பாகங்களின் தேய்மானமும். எஸ்.எல்.ஆரில் ஆர்மரர் படி எண்ணித் தீர்மானித்ததை இங்கே வடிவமைப்பாளர் ஒரேயடியாகத் தீர்மானித்துவிட்டார். அதனால் திருகுவதற்கு ஒன்றும் இல்லாத துப்பாக்கி நின்றால், சந்தேகப்பட்டியல் மேகசினிலிருந்தும் தோட்டாவிலிருந்தும்தான் தொடங்கும்; எண் எழுதிய மேகசின்கள் அங்கேயும் வேண்டும்.